பூச்சு விட்ட சுவர்

மறுபடியும் சிரித்தார்கள். சென்னியப்பன் சுரண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். முதலில் சம்பந்தி தெய்வசிகாமணியின் சிரிப்பு, ஹாலின் வெறும் சுவர்களில் மோதிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மகன் நவநீதனின் சிரிப்பு. அவன் இப்படிச் சிரிப்பான் என்பதே அவருக்குப் புதிது. வீட்டில் சிரித்தால் உதடு கொஞ்சம் விலகும், அவ்வளவுதான், அதையே அவர் இத்தனை வருஷமாகச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி என்னதான் சொல்கிறார் அந்த மனுஷன்? டைல்ஸைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது? அவர் மறுபடி சுரண்டியைச் சுவரில் வைத்து இழுத்தார். பழைய பச்சைப் பெயின்ட் பொருக்குப் பொருக்காகச் சமையல் மேடை மேல் உதிர்ந்தது. கணபதி பகுதியில் மகன் வாங்கியிருக்கும் பழைய ஃபிளாட் இது, அவன் சம்பாத்தியத்தில் அவன் வாங்கிய முதல் வீடு. குடிவருவதற்கு முன்னால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும். ஆள் வைத்து ஒட்டலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். "ஆளு எதுக்குங்க மாப்ள, நம்ம வீட்டுக்கு நாமளே ஒட்டிப்போடலாமுங்க" என்றாராம் சிகாமணி. நம்ம வீடு. அந்த 'நம்ம'வைத்தான் நேற்றிலிருந்து சென்னியப்பனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கரூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் மகன் அதைத்தான் முதலில் சொன்னான், மாமா இப்படிச் சொன்னாருங்கப்பா, அவருக்கு ரொம்ப ஆர்வமுங்கப்பா, அவங்க வீட்டுப் பாத்ரூமுக்கே அவர்தான் ஒட்டினாராம். மின்சார வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்த ஆளுக்கு டைல்ஸ் எங்கிருந்து வந்தது? வீடியோ பார்த்தாராம். வீடியோ பார்த்தால் ஆகிவிடுமா? ஆகிவிட்டிருக்கிறது, அதுதான் கஷ்டம், அந்தப் பாத்ரூமைச் சென்னியப்பனே பார்த்திருக்கிறார், கல்யாணம் பேசப் போனபோது கை கழுவ உள்ளே போய், கோடு பிசகாமல் இருந்த டைல்ஸைப் பார்த்து, இங்கே ஆட்கள் வேலையை நன்றாகச் செய்கிறார்கள் என்று வேறு நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்பா, நீங்க அந்த மூலைய மட்டும் சொரண்டுனாப் போதுமுங்க" என்று காலையில் மகன் சுரண்டியைக் கையில் கொடுத்தான். அந்த மூலையில் பிரிட்ஜ் வரப்போகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் டைல்ஸ் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால், வேண்டாமென்றால் உட்காருங்கள் அப்பா என்பான், அன்பாகத்தான் சொல்வான், நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, அங்கே உட்கார்ந்து சிகாமணி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட மூலை மேல். மூலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, அடுப்பு வரப்போகும் நடுச்சுவருக்கு நகர்ந்துவிட்டார். உப்புத்தாளை மடித்துத் தேய்த்தார். மூக்கில் சுண்ணாம்பு நெடி ஏறியது. மாத்திரை எண்ணிய கைகள், அரசு ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் கம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, தட்டில் கொட்டிக் கத்தி முனையால் அஞ்சஞ்சாக ஒதுக்கி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்த கைகள். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நவநீதன் சின்னப் பையனாக அந்த ஜன்னலுக்கு வெளியே எட்டி நின்று பார்ப்பான், உள்ளே வா என்று அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, உள்ளே விடக்கூடாது, சட்டம். சிகாமணியாக இருந்தால் கூப்பிட்டிருப்பார். தோளில் தூக்கி வைத்து, இது பாரு கண்ணு இது காய்ச்சல் மாத்திரை, இது பாரு வயித்துவலி மாத்திரை என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்பார். ஏன் அந்த ஆள் மெதுவாகப் பேசுவதே இல்லை? பக்கத்தில் நிற்பவனிடமும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி. அதையும் அவனுக்குப் பிடித்திருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் டைல்ஸ் கடைக்குப் போனார்கள், மூன்று பேரும். போகாமலே இருந்திருக்கலாம். கடையில் டைல்ஸ்களைப் புடவைக்கடை மாதிரி அடுக்கி விளக்குப் போட்டிருந்தார்கள். வெளிர்பச்சையில், ஓரத்தில் ஒரு சின்னக் கொடி ஓடுகிற மாதிரி ஒன்றை அவர் எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. மகனிடம் காட்டினார். "நல்லாத்தான் இருக்குதுங்கப்பா" என்று வாங்கிப் பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சிகாமணி நிற்கும் பக்கம் போனான். வைத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மெதுவாகத்தான் வைத்தான். அங்கே சிகாமணி ஒரு டைல்ஸைக் கவிழ்த்து, பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து அதன் முதுகில் ஒரு சொட்டு விட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்க மாப்ள, தண்ணி குடிக்குது பாருங்க. செவத்துக்கு இந்தக் கல்லுதான் பிடிக்குமுங்க. குடிக்காதது தரைக்கு." மகனும் குனிந்தான். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேல்பக்கம் வழவழப்பா சொரசொரப்பா என்று பேச்சு, எண்ணெய் தெறித்தால் எதில் துடைக்கச் சுலபம், நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பார்ப்பது, எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண்தானா, இல்லாவிட்டால் நிறம் மாறிவிடும். மகன் ஒவ்வொன்றையும் கேட்டான். இது எதுக்குங்க மாமா, அது எதுக்குங்க மாமா. தன்னிடம் அவன் கடைசியாக எதைக் கேட்டான்? எவ்வளவு யோசித்தாலும் சென்னியப்பனுக்கு நினைவு வரவில்லை. பிஎஃப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டான். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். அதெல்லாம் விசாரிப்பு. கேட்பது என்பது வேறு. தெரியாத ஒருவன் தெரிந்த ஒருவனிடம் வந்து நிற்பது. அப்படி அவன் அவரிடம் வந்து நின்று எத்தனை காலம் ஆகிறது.

அப்போதுதான் கடைக்காரர் அதைச் சொன்னார். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு, நவநீதனைப் பார்த்து, சிகாமணியைக் கையால் காட்டி, "அப்பா நல்ல வெவரமா இருக்காருங்க தம்பி" என்றார். சென்னியப்பன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். மகன் சிரித்தான். அவர் அப்பா இல்லீங்க, மாமனாருங்க, அப்பா இவருங்க என்று சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வேளை காதில் விழவில்லையோ? அப்போது ரோட்டில் லாரி ஒன்று போயிற்று. லாரி போனது முன்னாலா பின்னாலா? முன்னால் போயிற்று. அப்படியென்றால் விழுந்திருக்கும். விழுந்ததால்தானே சிரித்தான். கடைக்காரரிடம் போய் எதற்கு விளக்கம் என்று விட்டிருப்பான், இனி அந்தக் கடைக்கு யார் போகப்போகிறார்கள். ஆமாம், அப்படித்தான். ஆனால் சிகாமணியும் சொல்லவில்லையே. அந்த ஆள் மறுத்திருக்க வேண்டாமா? ஒரு மரியாதைக்காவது? அவரும் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆட்டோவில் திரும்பி வரும்போது இரவல் ஆள் மாதிரி டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் சென்னியப்பன். ராத்திரி பாயில் படுத்தபோதும் அந்தச் சிரிப்புதான். இப்போதும் உப்புத்தாளைத் தேய்க்கத் தேய்க்க, அப்பா நல்ல வெவரமா, அப்பா நல்ல வெவரமா என்று அதே தாளத்தில் கை போய்க்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஊரிலிருந்து அவர் மனைவி பூங்கொடி. "ஏனுங்க, வேல ஆரம்பிச்சாச்சுங்களா?" என்றாள். ஆரம்பித்தாயிற்று என்றார். "நீங்க ஒண்ணும் ஏறி எறங்காதீங்க, முட்டி வலிக்கும். அதான் சம்பந்தி இருக்காரல்லங்க, அவரு பாத்துக்குவாரு. அவரு இருந்தா எனக்குக் கவலையே இல்லீங்க." சரி என்றார். "நவநீகிட்டக் குடுங்க" என்றாள். அவன் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நவநீ. அது பூங்கொடி வைத்த பெயர், தொட்டிலில் போட்டு ஆட்டும்போது வாயில் வந்த பெயர், அவளும் அவரும் மட்டும் கூப்பிடுகிற பெயர். நேற்று ராத்திரி சாப்பிடும்போது சிகாமணி, "நவநீ, இன்னொரு தோசை வைங்க மாப்ளைக்கு" என்று மகளிடமா மாப்பிள்ளையிடமா என்று தெரியாமல் குழப்பிச் சொல்லி, மருமகள் தாரணி சிரித்து, எல்லோரும் சிரித்தார்கள். யார் கொடுத்தார்கள் அந்தப் பெயரை அவருக்கு? பெண்ணைக் கொடுத்தவர், வீடு பார்க்க ஒத்தாசை செய்தவர், சரி, அதெல்லாம் சரி. பெயரை யார் கொடுத்தது?

எரிச்சலில் சுரண்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தார் போல, அதன் மரக்கைப்பிடி சுவரில் இடித்தது. சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவர் கையை நிறுத்தினார். கொஞ்சம் தள்ளி இடித்துப் பார்த்தார், கெட்டியாக, டொக். மறுபடி முதல் இடத்தில் இடித்தார். அது பானையைத் தட்டின மாதிரி, உள்ளே காற்று இருக்கிற மாதிரி. சுரண்டியை வைத்துவிட்டு, இடது கை விரலைச் சுவரில் பதித்து, அதன் மேல் வலது கை நடுவிரலால் தட்டினார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை, டாக்டர்கள் நெஞ்சைத் தட்டுகிற தட்டல் அது, பார்த்துப் பார்த்து அவர் கைக்கும் வந்திருந்தது. இங்கே கெட்டி. இங்கே கெட்டி. இங்கே ஒன்றுமில்லை. மேடைக்கு ஒட்டினாற்போல ஆரம்பித்து, ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்து, மேலுக்கு மட்டும் நின்றுகொண்டிருந்தது. பார்த்தால் தெரியாது. இதன் மேல் டைல்ஸை ஒட்டினால் டைல்ஸ் பூச்சைப் பிடித்துக்கொள்ளும், பூச்சு எதைப் பிடித்துக்கொள்ளும்? விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார். நவநீதனுக்கு ஏழு வயசோ எட்டோ, நெஞ்சுச்சளி முற்றி மூச்சு வாங்கியபோது, டாக்டர் இப்படித்தான் தட்டினார். பையனின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது சென்னியப்பன். விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. ஒரு பக்கம் தட்டினால் ஒரு சத்தம், இன்னொரு பக்கம் மந்தமாக. டாக்டர் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த நெஞ்சின் மேல் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனுக்கு அது தெரியாது. அவன் நெஞ்சுக்குள் என்ன சத்தம் கேட்கும் என்று இந்த உலகத்தில் அவருக்குத்தான் தெரியும், சிகாமணிக்குத் தெரியாது, எந்த வீடியோவிலும் அது இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஹாலுக்குப் போனார். சந்தோஷமாகக்கூடப் போனார், உண்மையைச் சொன்னால் பையனாட்டம் போனார், கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று. ஹாலில் தரையில் டைல்ஸ்களைப் பசையில்லாமல் வரிசையாகப் பரப்பி, சுவரில் எப்படி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் வெட்டுத் துண்டு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது பேச்சு. இரண்டு பேரும் சம்மணமிட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிகாமணியின் கை மகனின் பிடரியில் கிடந்தது. சும்மா, வைத்த இடத்தை மறந்துவிட்ட மாதிரி. மகனும் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை, அப்படிப் பழகியிருந்தது அந்தப் பிடரிக்கு. சிகாமணி நிமிர்ந்து பார்த்து, "வாங்க சம்பந்தி! செவரு எப்படீங்க இருக்குது? கல்லு மாதிரி இருக்குமுங்க, நான் நேத்தே தட்டிப் பாத்துட்டேன். இப்ப வர்ற பசைக்குச் செவத்தக் கொத்தியெல்லாம் விட வேண்டியதில்லீங்க, பெயின்ட்டைச் சொரண்டித் தூசி தட்டுனாப் போதும்" என்றார். மகன் நிமிரவில்லை. டைல்ஸ்களுக்கு நடுவில் இடைவெளிக் கட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தான். "என்னங்கப்பா?" என்றான், செருகிக்கொண்டே.

"தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்" என்றார் சென்னியப்பன்.

குடித்தார். தாகமே இல்லை, சொம்பு முழுவதையும் குடித்தார். திரும்பச் சமையலறைக்கு வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது அவருக்குள் ஒரு விதமான அமைதி வந்திருந்தது, அது நல்ல அமைதி இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தட்டிப் பார்த்தாராமே. தட்டிப் பார்த்தவருக்குத் தெரியாததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? கேட்டார்களா? மூலையைச் சுரண்டு என்றார்கள், சுரண்டியாயிற்று. ஒட்டட்டும். கோடு பிசகாமல் ஒட்டட்டும், வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பட்டும். அடுப்பு எரியும், சுவர் சூடாகும், ஆறும், சூடாகும். ஒரு நாள் விரிசல் விடும், இன்னொரு நாள் மொத்தமாகப் பெயர்ந்து கீழே வரும். அப்போது மகன் போன் பண்ணுவான். மாமா ஒட்டினது எல்லாம் விழுந்துருச்சுங்கப்பா. அப்படியா கண்ணு, அடடா என்று சொல்லலாம். சிகாமணி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார், சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டார், மகன் அவரைப் பார்க்கிற பார்வையில் ஒரு சின்ன மாற்றம் வரும், மயிரிழை அளவுக்கு, அது போதும், அதற்கு மேல் சென்னியப்பன் ஆசைப்படவில்லை. ஈரத்துணியை எடுத்துச் சுவரில் தூசியைத் துடைத்தார். பிரிந்த இடத்தையும் துடைத்தார். நன்றாகவே துடைத்தார். ஈரம் பட்டதும் அந்த இடம் மற்ற இடம் மாதிரியே இருந்தது. அப்படி விழும்போது அடுப்புக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்தது. வந்ததும் தள்ளினார். டைல்ஸ் என்ன பெரிய எடை. ஒன்றொன்றாக விழாது, பூச்சோடு சேர்ந்து பலகை மாதிரி வரும். எண்ணெய்ச் சட்டியில் விழும். இல்லை, அப்படியெல்லாம் ஆகாது, முதலில் விரிசல் விடும், பார்த்துவிடுவார்கள்.

தாரணி மோர் கொண்டுவந்தாள். "மாமா, போதுமுங்க, உக்காருங்க" என்று டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அவள் மேடைக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் மேடைமேல் ஊன்றி, சுவரைப் பார்த்தாள். சரியாக அந்த இடத்துக்கு முன்னால். "இங்கதானுங்க மாமா அடுப்பு. எம்பட உசரத்துக்கு மேடை சரியா இருக்குது பாருங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் யார் யாரோ உயரத்துக்குக் கட்டிய மேடையில் குனிந்து சமைத்தவள். அவள் நெற்றி அந்த முறம் அகலத்துக்கு நேராக இருந்தது. டம்ளரை மேடைமேல் வைத்தார். சொல்லிவிடலாம், இப்போது, இவளிடம், பெரிய விஷயமாக இல்லாமல். வாயைத் திறந்தார். அதற்குள் ஹாலிலிருந்து, "தாரணீ, போனை எடுத்துட்டு வா கண்ணு, பசை கலக்கறோம்!" என்று சிகாமணியின் குரல் வந்தது. அவள் ஓடினாள். வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம், சாம்பல்நிறப் பொடி கொட்டும் சத்தம், மரக்கட்டையால் கிண்டும் சத்தம். கட்டி இல்லாமக் கலக்குங்க மாப்ள, அப்படித்தான், அப்படித்தான், கொஞ்ச நேரம் ஊறட்டும், அப்புறம் இன்னொரு தடவை கிண்டணும், ஆனா ரொம்ப நேரம் விட்டா இறுகிப்போகுமுங்க. காலமெல்லாம் தைலமும் களிம்பும் கலக்கியவர் சென்னியப்பன். கட்டி இல்லாமல் கலக்குவது எப்படி என்று அவரிடம் கேட்டிருக்கலாம்.

எல்லோரும் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். சின்ன அறை, நான்கு பேர் நின்றால் தோளில் தோள் இடித்தது. மகன் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பல் வைத்த கரணையால் பசையைப் பூசி இழுத்தான், உழுத மாதிரி சால் சாலாக விழுந்தது. எங்கே ஆரம்பித்தான்? நடுவில்தான். மேடைக்கு ஒட்டி, நடுவில். கரணை சுவரில் உரசும்போதே அந்த இடத்தில் சத்தம் மாறியது, சென்னியப்பனுக்குக் கேட்டது, வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒட்டட்டும். ஒட்டட்டும். தன் கை படாமல் ஒட்டட்டும், அதுவரைக்கும் தனக்கு ஒன்றும் தெரியாது.

மகன் ஒரு டைல்ஸை எடுத்து முதுகில் பசை தடவினான். சுவருக்குக் கொண்டுபோனான். "இருங்க மாப்ள, இருங்க" என்று சிகாமணி தடுத்தார். "மொத கல்லு சம்பந்தி கையால வைக்கட்டுமுங்க. பெத்தவரு இருக்கறப்ப நாம வைக்கறதாங்க? வாங்க சம்பந்தி."

இதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து யார் யாரையோ உள்ளுக்குள் வைத்து வைத்து நடத்திய நாடகத்தில் இந்த இடம் இல்லை. மகன் திரும்பிப் பார்த்தான், முகம் மலர்ந்து, "ஆமாங்கப்பா, நீங்க வைங்க" என்று டைல்ஸை அவர் கையில் கொடுத்தான். கனமாக, ஈரமாக இருந்தது. தாரணி போனைத் தூக்கிப் பிடித்து, "அத்தைக்கு அனுப்பறேன், சிரிங்க மாமா" என்றாள். கூப்பிடுகிறார்கள், கடைசியில் கூப்பிடுகிறார்கள், ஆனால் மகனுக்கா தோன்றியது? அவனுக்குத் தோன்றவில்லை. அந்த ஆளுக்குத் தோன்றியது. இதையும் அவரே கொடுக்கிறார். கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, தாராளமாக, பெரிய மனசோடு, தன் மகனின் வீட்டில் தனக்கு முதல் கல்லைத் தானம் பண்ணுகிறார். வேண்டாம் என்று கீழே வைத்துவிடலாமா? வைத்தால் என்ன நினைப்பார்கள். ஒட்டிவிடலாமா? இரண்டு கையாலும் அழுத்தி, இப்படியும் அப்படியும் ஒரு அசைப்பு, முடிந்தது, கை தட்டுவார்கள். பிறகு விழுகிற அன்றைக்கு முதலில் விழுவது இவர் வைத்த கல். டைல்ஸைச் சுவர் அருகே கொண்டுபோனார். மகனின் மூச்சு அவர் தோளில் பட்டது. அவ்வளவு பக்கத்தில் அவன் வந்து நின்று எத்தனை வருஷம். இப்படியே கொஞ்ச நேரம் நிற்கலாம் போலிருந்தது.

"இங்க பூச்சு விட்டிருக்குது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. டைல்ஸை மேடைமேல் வைத்துவிட்டு, பசை பூசாத ஓரத்தில் விரலை மடக்கித் தட்டினார். தள்ளித் தட்டினார். திரும்ப அங்கேயே தட்டினார். "கேக்குதா? உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு முறம் அகலத்துக்கு இருக்குது. இதும் மேல ஒட்டுனா நிக்காது." தாரணி போனைத் தாழ்த்தினாள். மகன் குனிந்து தட்டினான், முகம் மாறியது. "ஆமாங்கப்பா" என்றான் மெதுவாக. சிகாமணி முன்னால் வந்தார். அவரும் தட்டினார். அங்கே தட்டினார், இங்கே தட்டினார். காதைச் சுவரில் வைத்துத் தட்டினார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கண் சுவரில் இல்லை, மகனின் முகத்துக்குப் போயிற்று, அங்கிருந்து தாரணியின் முகத்துக்கு, தட்டினால் என்ன சத்தம் வந்தது என்பதை அந்த முகங்களில் தேடுகிற மாதிரி. சென்னியப்பனுக்கு அந்தப் பார்வை தெரியும். மருந்துக்கூட ஜன்னலில் தினமும் பார்த்தது. காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லும்போது, புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே, சொல்கிறவரின் உதட்டைப் பார்க்கிறவர்களின் பார்வை. காது மந்தமானவர்கள். அவர்களுக்கு அவர் சீட்டின் பின்னால் சூரியனும் நிலாவும் படம் போட்டுக் கொடுப்பார்.

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் சிகாமணி, கொஞ்சம் தாமதமாக. "அப்பா, நேத்தே தட்டிப் பாத்தேன்னீங்க?" என்றாள் தாரணி. "தட்டித்தான் பாத்தேன் கண்ணு" என்றார் அவர். அந்தக் குரலில் சத்தம் இல்லை. திடீரென்று அவருடைய கழுத்துத் தோல் தொங்குவது தெரிந்தது. கையில் பசை அப்பியிருந்தது, அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரலை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து சென்னியப்பன் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். வந்துவிட்டது. நன்றாகப் பார்த்தார். இனித்தது, இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு நொடி நாக்கு நுனியில் இனிக்கத்தான் செய்தது. அப்புறம் பார்க்க முடியவில்லை.

தாரணி கீழே விரிக்கச் சாக்கு எடுக்கப் போனாள். மகன் சுவரில் பூசிய பசையைக் கரணையால் வழித்து வாளியில் போட்டான். வாளியில் இருந்தது இனி உதவாது, இறுகிவிடும். உளியையும் சுத்தியலையும் எடுத்து அப்பாவிடம் நீட்டினான். நீட்டியவன், விடாமல் பிடித்துக்கொண்டே, "எப்பங்கப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான்.

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "காலையிலயே" என்றார்.

அவன் அவரைப் பார்த்தான். ஈரத்துணியைப் பார்த்தான், துடைத்துச் சுத்தமாக இருந்த சுவரைப் பார்த்தான். "ஏனுங்கப்பா சொல்லல?" குரலை உயர்த்தவில்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை.

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருந்தீங்க" என்றார் சென்னியப்பன். வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது இதுதான். உளியின் ஒரு முனையை அவன் பிடித்திருக்க, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க மாப்ள?" என்று சிகாமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சம்பந்தி என்னங்க சொல்றாரு?"

மகன் உளியை விட்டான். அப்பாவைத் தாண்டி, சிகாமணிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், அவருடைய வலது பக்கம் நின்றான். தோளில் கை போட்டு, குனிந்து, காதருகே வாயை வைத்து உரக்கச் சொன்னான். "ஒண்ணுமில்லீங்க மாமா. இதக் கொத்தி எடுத்துட்டு, நாளைக்குப் புதுசாப் பூசிக்கலாங்கறாரு."

"அதானுங்க சரி" என்று சிகாமணி தலையாட்டினார். "சம்பந்தி சொன்னாச் சரிதானுங்க."

மகன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது சென்னியப்பனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்கு முன்னால் உறைத்தது வேறு. உளியைச் சுவரில் வைத்து, சுத்தியலை ஓங்கிய பிறகும் அதுதான் உறைத்துக்கொண்டிருந்தது. எந்தக் காது கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.